கைதட்டல் கூலியாகுமா?

தேம்ஸ் ஆற்றங்கரையிலே ஓர் ஆப்பிரிக்கக் கிராமம்!

கூரை வேய்ந்த குடிசைகள், கேடயம் தாங்கிய வீரர்கள், முழங்கும் முரசுகள். இடமோ ஆப்பிரிக்கா அல்ல. லண்டன் மாநகருக்கு அருகேயுள்ள ஷெப்பர்ட்டன் படப்பிடிப்பு நிலையம். 1935ஆம் ஆண்டு வெளிவந்த 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' என்னும் படத்திற்காக எழுப்பப்பட்ட கிராமம் அது. இங்கிலாந்திலே பிழைப்புத் தேடியும் படிப்புத் தேடியும் வந்திருந்த ஆப்பிரிக்கர்களை அழைத்து வந்து, ஆடையைக் களையச் சொல்லி, ஈட்டியைக் கையில் கொடுத்து, "நீங்கள்தாம் ஆப்பிரிக்கர்கள், ஆடுங்கள்" என்றனர்.

அந்தக் கூட்டத்திலே நின்றவர்களுள் ஒருவர், கென்ய நாட்டு மக்களின் நில உரிமைக் கோரிக்கையை எடுத்துரைக்க 1931இல் லண்டன் வந்தவர். கோரிக்கை மனுக்கள் ஏந்திய கையிலே காசில்லாமல் காலம் கழித்தவர். சில நாள் கூலிக்காகச் சிறு தலைவன் வேடம் பூண்டு காமிராவின் முன் நின்றார். அவர் பெயர் ஜோமோ கென்யாட்டா! 1952இல் சிறைபிடிக்கப்பட்டு, 1961இல் விடுதலையாகி, 1963இல் விடுதலை பெற்ற கென்யாவின் பிரதமராகவும், 1964இல் அதன் முதல் குடியரசுத் தலைவராகவும் ஆன அதே கென்யாட்டா. நாளைய நாட்டின் தலைவரைக் கொண்டுவந்து நிறுத்தி, வெள்ளை அதிகாரியிடம் கைகட்டி நிற்கும் கூட்டத்திலே ஓர் ஆளாக்கி அனுப்பிவிட்டது அந்தப் படம்.

அதிலே முக்கிய வேடம் ஏற்றவர் பால் ராப்சன். அமெரிக்கக் கறுப்பினத்தின் பெருங்குரல் அவர். அடிமையாகப் பிறந்து தப்பியோடி வந்த தந்தைக்கு மகன். ஆப்பிரிக்கப் பண்பாட்டின் பெருமையை உலகுக்குக் காட்டும் படம் என்று நம்பி நடித்தார். முடிவுற்ற படத்தைக் கண்டபோதோ, பெருமையெல்லாம் சாண்டர்ஸ் என்னும் வெள்ளை அதிகாரிக்கே படைக்கப்பட்டிருந்தது. ஒரே வெள்ளையன் ஊரில் இருந்தால் அமைதி, அவன் ஊரை விட்டு அகன்றால் அமளி என்பதே கதை. ராப்சன் பிற்பாடு அந்தப் படத்தையே தம்முடையதல்ல என்று கைகழுவினார். அவருடைய உழைப்பையும் உருவத்தையும் பாட்டையும் வாங்கிக்கொண்டவர்கள், அவருடைய கருத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார்கள்.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. "அந்த நாள் மலையேறிவிட்டது, ஆப்பிரிக்க நடிகர்கள் உலகத் திரையை வென்றுவிட்டார்கள்" என்று ஏடுகள் எழுதுகின்றன. ஆஸ்கார் மேடையிலே கென்ய நாட்டுப் பெண். பல்லாயிரம் கொட்டகைகளிலே பெனின் நாட்டு வீரன். சோமாலிய இளைஞனுக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது. மகிழ வேண்டிய செய்திகள்தாம். மகிழ்வோம். ஆனால், தோழர்களே, வெற்றி என்று எதைச் சொல்வது? வேடம் கிடைப்பதையா? விருது கிடைப்பதையா? கைதட்டு கிடைப்பதையா? உழைத்தவனுக்கு உரிய கூலி, இந்த வேடம் வேண்டும் இது வேண்டாம் என்று சொல்லும் உரிமை, தன் நாவால் தன் மொழியைப் பேசும் தகுதி ஆகிய மூன்றும் வராத இடத்திலே கைதட்டல் மட்டும் வந்தால் அதற்கு வெற்றி என்று பெயர் சூட்டலாமா? சூட்டலாகாது என்பதே என் வழக்கு.

கூலியிலிருந்தே தொடங்குவோம். கணக்குக் காட்ட எளிதானது அதுதான்.

பர்காத் அப்டி. சோமாலியத் தலைநகர் மொகடிஷுவிலே 1985இல் பிறந்தவர். உள்நாட்டுப் போர் துரத்த, ஏமனுக்குச் சென்று, அங்கிருந்து 1999இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரை அடைந்தவர். கைப்பேசிக் கடையிலே விற்பனையாள், வாடகைக் கார் ஓட்டி, இப்படிக் கிடைத்த வேலை செய்து வாழ்ந்தவர். 'கேப்டன் பிலிப்ஸ்' என்னும் படத்துக்குச் சோமாலியக் கடற்கொள்ளையர் வேடத்திற்கு ஆள் தேடினர். எழுநூறு பேருக்கு மேல் வந்து நின்றனர். அவர்களிலே தேர்ந்தவர் இவர். நடிப்பைப் பள்ளி சென்று பயின்றவரல்லர். ஆயினும் டாம் ஹாங்க்ஸ் என்னும் பெரும் நடிகருக்கு எதிரே நின்று, எலும்பும் தோலுமான உடலோடு, கண்ணாலேயே கப்பலைக் கைப்பற்றினார். 2013இல் படம் வெளிவந்தது. 2014இல் பாஃப்டா விருது அவருக்கு. ஆஸ்கார் போட்டிப் பட்டியலிலும் அவர் பெயர்.

கொடுத்த கூலி? 65,000 டாலர் என்று அமெரிக்க ஏடுகள் எழுதின. படம் உலகெங்கும் வசூலித்ததோ ஏறத்தாழ 21 கோடியே 80 இலட்சம் டாலர். வகுத்துப் பாருங்கள். நூற்றில் ஒன்றல்ல, ஆயிரத்தில் ஒன்றுமல்ல, பத்தாயிரத்தில் மூன்று! வசூலெல்லாம் இலாபமல்ல, கொட்டகைக்காரனுக்குப் பங்குண்டு, விளம்பரத்துக்குச் செலவுண்டு என்பதை நானும் அறிவேன். அவற்றையெல்லாம் கழித்து எழுதினாலும் அந்தக் கணக்கு நேராகாது. படம் முடிந்ததும் அப்டி மறுபடியும் கைப்பேசிக் கடைக்கே வேலைக்குப் போனார் என்றும், விருதுக் காலத்தில் அவர் அணிந்த உடைகள் பெரும்பாலும் இரவல் என்றும், டாக்சி ஓட்டும் நண்பர் ஒருவர் காசு வாங்காமல் அவரை ஏற்றிச் சென்றார் என்றும் அந்நாளில் செய்தி வந்தது. சிவப்புக் கம்பளத்தின்மீது இரவல் சட்டை!

"புதுமுகம்தானே? எழுநூறு பேர் காத்திருந்த வேடம்தானே? சந்தை நிலவரம் எதுவோ அதுதானே கூலி?" என்று கேட்பார் உண்டு. சந்தை என்னும் சொல்லை மந்திரம்போல் உச்சரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுநூறு பேர் வரிசையில் நின்றது வேடத்தின் ஏராளத்தைக் காட்டவில்லை, வேடத்தின் பஞ்சத்தைக் காட்டுகிறது. ஆண்டு முழுவதும் சோமாலியருக்கு வேடமே இல்லை. வந்த ஒரு வேடமும் கொள்ளைக்காரன் வேடம். அதற்கே எழுநூறு பேர். பஞ்சத்தை உண்டாக்கி வைத்துவிட்டு, பஞ்சத்துக்கேற்ற விலை என்று பேசுவது வட்டிக்கடைக்காரனின் நியாயம்.

கூலி கேட்டுப் பெற்றவர் கதையும் ஒன்றுண்டு. நம்மில் பலர் வயிறு குலுங்கச் சிரித்த படத்தின் கதாநாயகர் அவர். 1980இல் வெளிவந்த 'தி காட்ஸ் மஸ்ட் பி கிரேசி'. வானத்திலிருந்து விழுந்த கோக்கோ கோலாப் புட்டியைத் தூக்கிக்கொண்டு உலகின் விளிம்பைத் தேடி நடந்த நிகாவ், நமீபியாவைச் சேர்ந்த சான் இனத்தவர். அவருடைய பெயரிலே நாவைச் சொடுக்கி எழுப்பும் ஓர் ஒலி உண்டு. விளம்பரத்தில் அச்சிட்டவர்கள் அந்தப் பெயரையே பிழையாக அச்சிட்டார்கள்! நிறவெறி ஆண்ட தென்னாப்பிரிக்காவின் முதலாளிகள் எடுத்த அந்தப் படம் உலகம் சுற்றிப் பணம் குவித்தது. முதற்படத்துக்கு நிகாவ் பெற்றது சில நூறு டாலர் என்பதே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. "அவருக்குப் பணத்தின் அருமையே தெரியாது" என்று அதற்கு ஒரு சமாதானமும் கூறப்பட்டது. தெரியாதவராம்! 1989இல் இரண்டாம் பாகம் வந்தபோது அதே மனிதர் பல இலட்சம் டாலர் கேட்டு வாதாடிப் பெற்றார். எதற்கு? மின்விளக்கும், நீர் இறைக்கும் இயந்திரமும் உள்ள கல்வீடு கட்ட! பணத்தின் அருமை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவருடைய அருமைதான் அவர்களுக்குத் தெரியாமற்போயிற்று.

புதுமுகம் என்னும் சாக்கு அப்டிக்குச் சொன்னார்கள். அறியாதவர் என்னும் சாக்கு நிகாவுக்குச் சொன்னார்கள். டிஜிமோன் ஹூன்சூவுக்கு என்ன சாக்குச் சொல்வார்கள்?

பெனின் நாட்டின் கோட்டனூ நகரிலே 1964இல் பிறந்தவர் ஹூன்சூ. சிறுவயதிலே பிரான்சு சென்றவர். படிப்பு நின்று, பாரிஸ் நகரத் தெருக்களிலே படுத்துறங்கியவர். ஆடை வடிவமைப்பாளர் ஒருவரின் கண்ணில் பட்டு விளம்பர உருவமாகி, அங்கிருந்து திரைக்கு வந்தார். 1997இல் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'அமிஸ்டாட்'. 1839இல் அடிமைக் கப்பலிலே விலங்கொடித்துக் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கரின் உண்மை வரலாறு. கிளர்ச்சித் தலைவன் சின்கே வேடம் இவருக்கு. பேசிய மொழி மெண்டே. பெனின் நாட்டுக்காரருக்கு அது பிறமொழி. அதையும் கற்றுப் பேசினார். 2000இல் 'கிளாடியேட்டர்'. 'இன் அமெரிக்கா' படத்துக்காக ஒரு முறை, 2006இல் வந்த 'பிளட் டைமண்ட்' படத்துக்காக மறுமுறை, ஆக இரு தடவை ஆஸ்கார் போட்டியிலே நின்றார். பிறகு விண்வெளி வீரர்களும் மாய மனிதர்களும் மோதும் பெரும்படங்களிலெல்லாம் அவர் முகம்.

அப்படிப்பட்டவர் 2025 சனவரியில் சி.என்.என். தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தும், இரு தடவை ஆஸ்கார் பரிந்துரை பெற்றும், இன்னமும் பிழைப்புக்குத் திண்டாடுவதாகவும், தமக்குக் கிடைக்கும் ஊதியம் குறைவென்றும் வெளிப்படையாகச் சொன்னார். கோடிகள் புரளும் படங்களின் சுவரொட்டியில் நிற்கும் மனிதர் சொல்கிறார் இதை! இவர் புதுமுகமுமல்ல, அறியாதவருமல்ல. எஞ்சியிருக்கும் விளக்கம் ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்ல அந்தத் தொழிலுக்கு நாணம்.

கூலியைவிட ஆழமாகத் தைக்கும் செய்தி ஒன்றையும் ஹூன்சூ ஒரு பேட்டியில் கூறியிருக்கிறார். ஸ்பைடர்மேனைப் போலச் சுவரேற வேண்டுமாம் அவர் மகனுக்கு. அதற்காகத் தன் தோல் வெளுப்பாக இருக்கவேண்டும் என்றானாம் அந்தப் பிள்ளை. தந்தை நடிகர், உலகறிந்த நடிகர். ஆனாலும் அந்தத் தந்தையின் நிறத்தில் ஒருவன் சுவரேறி அந்தப் பிள்ளை பார்த்ததில்லை. வேடம் என்பது வயிற்றுப்பாட்டோடு முடிகிற காரியமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத எனக்கு வேலையில்லை.

அடுத்தது, வேடத்தை ஏற்கவும் மறுக்கவுமான உரிமை.

லுப்பிட்டா நியோங்கோ பிறந்தது 1983இல், மெக்சிகோ நகரத்தில். கென்யப் பெண் அங்கே பிறப்பானேன்? அரசியல்தான். தந்தை பீட்டர் அன்யாங் நியோங்கோ பேராசிரியர். கென்யாவில் மோய் ஆட்சியை எதிர்த்தவர். நாடு துறந்து வாழ்ந்த காலத்தில் பிறந்த மகளுக்கு மெக்சிகோ மக்கள் வழங்கும் பெயரையே இட்டார். பின்னர்த் தாயகம் திரும்பி அமைச்சராகவும் இருந்து, 2017இல் கிசுமு மாவட்ட ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மகளோ அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியில் பட்டம் பெற்றார். (கல்லூரியைப் பாதியில் துறந்து மேடைக்கு ஓடிவந்த என் போன்றோர் சற்றுப் பொறாமையோடு குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.) பட்டம் பெற்றதும் நடித்த 'ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்தில் பாட்சி என்னும் அடிமைப் பெண்ணாக வந்து, 2014இல் துணைநடிகைக்கான ஆஸ்கார் விருதை வென்றார்.

விருதுக்குப் பிறகு கதாநாயகி வேடங்கள் கதவைத் தட்டும் என்றெண்ணினார். தட்டிய வேடங்கள் என்ன தெரியுமா? மறுபடியும் அடிமை! முன்னே பண்ணையில் அடிமை. இம்முறை கப்பலில் அடிமை! 2025இல் அவரே கூறியது இது. சவுக்கடி வாங்கி அழுத கண்ணீரைக் கண்டு கலங்கிய பெருமான்கள், "அருமையாக அழுதாய் அம்மா, இன்னொரு முறை அழு" என்றார்கள். நியோங்கோ மறுத்தார். தம் கண்டத்து மக்களைப் பற்றிய பழைய பொய்களுக்கு உயிரூட்டுவதைவிட, ஆண்டுக்கு ஒரு படம் குறைவாக நடிப்பது மேல் என்று முடிவு செய்தார். மறுப்பதற்கும் ஒரு வலிமை வேண்டும். விருதும் பட்டமும் பெற்றவரால் மறுக்க முடிந்தது. கைப்பேசிக் கடைக்குத் திரும்பியவரால் முடியுமா?

நியோங்கோ செய்த மற்றொன்றும் உண்டு. நாடகப் பள்ளியிலே அமெரிக்க உச்சரிப்பைக் கசடறக் கற்றவர், திரைக்கு வெளியே கென்ய உச்சரிப்பிலேயே பேசுவது என்று தீர்மானித்தார். கென்யாவிலிருந்து வந்தவள் அப்படியே வந்து நின்றாலும் போதும் என்று உலகம் அறியட்டும் என்பது அவர் எண்ணம். எளிதாக எடுத்த முடிவன்று என்று 2024இல் அவர் மனம் திறந்து பேசினார். பேச்சை மாற்றிக்கொள் என்னும் கட்டளை கறுப்பருக்கு மட்டுமே என்பதுமல்ல. ஆஸ்கார் வென்ற தென்னாப்பிரிக்க வெள்ளை நடிகை சார்லிஸ் தெரோனும் ஆப்பிரிக்கான்ஸ் தாய்மொழியின் சாயலைத் துடைத்தெறிந்த பிறகே ஹாலிவுட்டில் நுழைந்தார். ஆனால், துடைத்த பிறகு அவருக்கு எல்லா வேடமும் திறந்தது. நியோங்கோ எவ்வளவு துடைத்தாலும் கப்பலடித் தளத்து வேடமே காத்திருந்தது.

இங்கே நாவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. மேடைக்கு வசனம் எழுதுகிறவன் நான். ஒரு பாத்திரத்தின் உயிர் அதன் பேச்சிலே இருக்கிறது என்பது என் தொழில் எனக்குக் கற்பித்த பாடம். உடலை உலவவிட்டுப் பேச்சைப் பறித்துக்கொண்டால் எஞ்சுவது பொம்மை. ஆப்பிரிக்கத் திரையின் வரலாறே இந்தப் பறிப்பிலும் மீட்பிலும்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1934இல் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் போட்டது. லவால் ஆணை என்று பெயர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அரசின் அனுமதியின்றிப் படமெடுக்கக்கூடாது. அனுமதி யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை விளக்கவும் வேண்டுமோ? பாரிஸில் படத்தொழில் பயின்ற பௌலின் வியேரா என்னும் ஆப்பிரிக்கர், தம் மண்ணிலே படமெடுக்க வழியின்றி, 1955இல் பாரிஸ் தெருக்களிலேயே ஆப்பிரிக்கரைப் பற்றிப் படமெடுத்தார். காமிராவைக் கண்டு அஞ்சிய ஏகாதிபத்தியம்!

அந்த ஆணையின் காலத்திலே வளர்ந்தவர்தான் செனெகல் நாட்டு உஸ்மான் செம்பேன். 1923இல் பிறந்தவர், மார்சேய் துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர், தொழிற்சங்கத்தில் நின்றவர், தாக்கர் - நைஜர் ரயில்வேத் தொழிலாளரின் பெரு வேலைநிறுத்தத்தை நாவலாக்கியவர். நாவல் எழுதி என்ன? எழுத்தறியா மக்கள் எப்படிப் படிப்பார்கள்? ஆகவே நாற்பதை எட்டும் வயதில் மாஸ்கோ சென்று படத்தொழில் கற்றார். 1966இல் அவர் எடுத்த 'கறுப்புப் பெண்', பிரான்சிலே வீட்டு வேலைக்குப் போய் அடிமையாகி உயிரை மாய்த்துக்கொள்ளும் செனெகல் பெண்ணின் கதை. டியுவானா என்னும் அந்தப் பெண்ணாக நடித்த எம்பிசீன் தெரேஸ் தியோப்பின் முகத்தை மறக்க முடியாது. ஆனால், படத்திலே கேட்கும் குரல் அவருடையதன்று! மனத்துக்குள் அவள் பேசுவதெல்லாம் பிரெஞ்சு மொழியில். பேசியவர் ஹெய்ட்டி நாட்டுப் பாடகி ஒருவர். செம்பேன் போன்ற வீரராலேயே முதல் முயற்சியில் அந்த நாவை மீட்டுத் தர முடியவில்லை.

இரண்டே ஆண்டு. 1968இல் 'மண்டாபி'. மணியார்டர் என்பது பொருள். பாரிஸில் தெருக்கூட்டும் மருமகன் அனுப்பிய மணியார்டரை மாற்ற முடியாமல், அடையாளச் சீட்டு இல்லையென்று அலுவலகம் அலுவலகமாக அலையும் ஓர் ஏழையின் கதை. அதை வோலோஃப் மொழியிலே எடுத்தார். மேற்கு ஆப்பிரிக்காவிலே ஆப்பிரிக்க மொழி ஒன்றில் பேசிய முதல் முழுநீளப் படம் என்று பரவலாகக் கருதப்படுவது அது. வெனிஸ் திரைவிழாவில் பரிசும் பெற்றது. தாக்கர் தெருவிலே நடப்பவன் தாக்கர் மொழியிலே பேசினான், உலகம் கேட்டது.

இதே மரபிலே நமக்குத் தெரிந்த கதையில் நடித்துப் பெயர் பெற்றவர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். பீட்டர் புரூக் 1985இல் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக்கி, 1989இல் படமுமாக்கினார். அதில் பீஷ்மர் யார்? சொத்திகி குயாத்தே! மாலியில் பிறந்து புர்கினா பாசோவில் வாழ்ந்தவர். பரம்பரை பரம்பரையாக அரசர் வரலாற்றை வாய்மொழியாகக் காத்துவந்த பாணர் குலத்தவர். பீமனாக நடித்தவர் செனெகல் நாட்டு மமடு தியூமே. அம்புப் படுக்கையில் கிடந்து அறம் பேசும் கிழவனுக்கு மேற்கு ஆப்பிரிக்கப் பாணன் பொருந்தினான். ஈட்டி ஏந்திக் கூட்டத்தில் நிற்கவே ஆப்பிரிக்கன் பிறந்தான் என்று எண்ணியவர்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். 2009இல் 'லண்டன் ரிவர்' படத்துக்காக பெர்லின் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார் குயாத்தே. மறு ஆண்டு மறைந்தார்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய மனிதரிடம் வருகிறேன்.

ஜான் கனி. 1943இல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரையடுத்த நியூ பிரைட்டன் குடியிருப்பிலே பிறந்தவர். ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையிலே தொழிலாளி. மாலையானால் நாடக ஒத்திகை. தோழர் வின்ஸ்டன் இன்ட்சோனாவும், வெள்ளையராயினும் நிறவெறியை வெறுத்த நாடகாசிரியர் அத்தோல் ஃப்யூகார்டும் இவரும் கூடி உருவாக்கிய நாடகம் 'சிஸ்வே பன்சி இறந்துவிட்டான்'. 1972இல் அரங்கேறியது.

அந்நாளில் அந்நாட்டிலே பதினாறு வயது கடந்த ஒவ்வொரு கறுப்பரும் பாஸ் புத்தகம் ஒன்றைச் சுமந்தே தெருவில் நடக்கவேண்டும். எந்த ஊரில் இருக்கலாம், எந்த வேலை செய்யலாம் என்பதெல்லாம் அதிலே முத்திரை. நாடகத்தின் நாயகன் சிஸ்வே பன்சியின் புத்தகத்தில் முத்திரை சரியில்லை. ஊரை விட்டு ஓட வேண்டும். வழியிலே ஒரு பிணம். பிணத்தின் பையிலே சரியான முத்திரையுள்ள புத்தகம். பிழைக்க வேண்டுமானால் பிணத்தின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு, தன் பெயரைச் சாகடிக்க வேண்டும். சாகடிக்கிறான். நாடகம் எழுதுகிறவன் என்ற முறையிலே சொல்கிறேன்: ஓர் ஆட்சியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த ஆயிரம் மேடைப்பேச்சு செய்யாததை, இருவர் நடித்த அந்த நாடகம் செய்தது.

இன்னும் கேளுங்கள். அந்தப் பாஸ் புத்தகத்திலே கறுப்பனுக்கு "நடிகன்" என்று ஒரு தொழிலே கிடையாது! ஆகவே சட்டத்தின் கண்ணிலே கனியும் இன்ட்சோனாவும் ஃப்யூகார்டின் வீட்டு வேலைக்காரர்கள். அந்த வேலைக்காரர்கள் லண்டனை வென்று, நியூயார்க் சென்று, 1975இல் சிறந்த நடிகருக்கான டோனி விருதை இருவருமாகப் பகிர்ந்து பெற்றார்கள்.

தாயகம் திரும்பினார் கனி. வரவேற்பு எப்படி? காவலர்கள் சூழ்ந்து அடித்தார்கள். செத்தான் என்று விட்டுப் போனார்கள். இடக்கண் போயிற்று. 1976இல் டிரான்ஸ்கெயிலே அதே நாடகத்தை நடித்தபோது இருவரையும் பிடித்துச் சிறையிலிட்டார்கள். உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின்பே விட்டார்கள். 1985இல் கனியின் தம்பியைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். நாட்டை விட்டு வெளியேறி, வெளிநாட்டிலே நடித்துச் சுகமாக வாழக் கனிக்கு வழியில்லாமலில்லை. அவர் போகவில்லை.

உலகப் படத்தொழில் அவர்களுக்கு அந்நாளில் என்ன கொடுத்தது? 1978இல் 'தி வைல்ட் கீஸ்'. கூலிக்குப் போர் செய்யும் வெள்ளைப் படையினரே அதிலே கதாநாயகர்கள். டோனி விருது பெற்ற இன்ட்சோனாவுக்கு ஆப்பிரிக்கத் தலைவர் வேடம். தலைவர்தான், ஆனால் நோயாளித் தலைவர். தென்னாப்பிரிக்க வெள்ளைச் சிப்பாயின் முதுகிலே மூட்டையாகச் சுமக்கப்பட்டுக் காட்டைக் கடக்கிறார். பிராட்வேயில் தன் காலில் நின்றவரைத் திரையிலே பிறர் முதுகில் ஏற்றிவிட்டார்கள்.

காலம் மாறிற்று. பாஸ் சட்டம் 1986இல் ஒழிந்தது. 1994இல் மக்களாட்சி மலர்ந்தது. 2016இல் மார்வெல் நிறுவனத்தின் 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்திலே, வகாண்டா என்னும் கற்பனை ஆப்பிரிக்க நாட்டு மன்னன் டிசாக்காவின் வேடத்துக்குக் கனியை அழைத்தார்கள். எழுபது வயதைக் கடந்தவர். கதையிலே சிறு வேடம். சில நிமிடத்திலே குண்டுவெடிப்பில் மடியும் வேடம். மகனாக நடித்தவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான சாட்விக் போஸ்மன். மன்னன் தன் மகனோடு பேசும் காட்சி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது.

கனி கேட்டார்: ஆப்பிரிக்க மன்னன் தன் சொந்த மகனிடம் ஏன் ஆங்கிலத்தில் பேச வேண்டும்? இயக்குநர்கள் இசைந்தார்கள். கனி தம் தாய்மொழியாகிய கோசாவிலே பேசினார். நாவைச் சொடுக்கும் ஒலிகள் நிறைந்த மொழி அது. போஸ்மன் அந்த வரிகளைக் கற்றுக்கொண்டு கோசாவிலேயே மறுமொழி கூறினார். சிறு வேடக்காரர் ஒருவர் வைத்த சிறு கோரிக்கை! அதன் பயனாக வகாண்டா நாட்டின் மொழியே கோசா என்றாயிற்று. 2018இல் 'பிளாக் பாந்தர்' வந்தபோது, நியோங்கோ உட்பட நடிகர்கள் பலரும் ஆசிரியரை வைத்துக்கொண்டு அந்த மொழியின் சொற்களைக் கற்றார்கள். உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படத்திலே, பாஸ் புத்தகம் சுமந்தவர்களின் மொழி ஒலித்தது.

குறையில்லாத வெற்றியா? இல்லை. ஷெப்பர்ட்டனில் கட்டியதுபோலவே வகாண்டாவையும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலேதான் பெரும்பாலும் கட்டினார்கள். கதாநாயகன் அமெரிக்கர். வசூல் போய்ச் சேர்ந்த இடம் கலிபோர்னியா. ஹூன்சூ ஊதியம் குறைவென்று சொன்னது இந்தப் படம் வெளியாகி ஏழாண்டுக்குப் பின். மூன்றிலே ஒன்று வந்திருக்கிறது. கூலிக் கணக்கு தீரவில்லை. ஆயினும் 1935இல் ராப்சனின் கருத்தை வாங்க மறுத்த அதே தொழில், 2016இல் கனியின் மொழியை வாங்கிக்கொண்டது. இதைச் சிறிதென்று தள்ள நான் ஆயத்தமாக இல்லை.

'பிளாக் பாந்தர்' படத்திலே மன்னன் டிசாக்காவின் இளமைப் பருவமும் வருகிறது. அந்த வேடத்தில் நடித்தவர் அடன்ட்வா கனி. ஜான் கனியின் மகன். மற்றவர்கள் ஆசிரியரிடம் சொல் சொல்லாகப் பயின்ற மொழியை, அவருக்கு யாரும் வந்து கற்பிக்கவேண்டியிருக்கவில்லை.